படிப்பவர் தலையில் ஏற்றும் பாரம்

“இன்னைக்கு யார் சார் ரியாக்ட் இல்லாம சைட் பண்றாங்க?”

சென்னையில் ஃபிரண்ட்எண்ட் வேலைக்கு ஆள் எடுக்கும் அறைகளில் இந்தக் கேள்வியைப் பதினைந்து ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். ரியாக்ட் என்ற இடத்தில் முன்பு ஆங்குலர் இருந்தது. அதற்கும் முன்பு ஜேகுவெரி இருந்தது. கேட்பவர் கல்லூரி முடித்து ஆறு மாதம் ஆனவராக இருக்கலாம், பத்துப் பேர் கொண்ட டீமை நடத்துபவராகவும் இருக்கலாம். கேள்வியில் இருக்கும் உறுதி மட்டும் மாறுவதில்லை. வருகிற வேலை செய்தித்தளமா, கல்லூரிச் சேர்க்கைப் படிவமா, ஜவுளிக்கடையின் விலைப்பட்டியலா என்று பார்க்கும் முன்பே ரியாக்ட் புராஜெக்ட் ஒன்று திறந்தாகிவிடும். வேளச்சேரியிலும் கோவை காந்திபுரத்திலும் பயிற்சி மையங்கள் மாட்டியிருக்கும் தட்டிகளில் ‘ஃபுல் ஸ்டாக்’ என்றால் அதுதான் பொருள். எச்டிஎம்எல்லுக்கு முதல் சில வகுப்புகள். மீதி மாதங்களெல்லாம் ஃபிரேம்வொர்க்.

இந்தப் பொதுப்புத்தியின் சாரத்தை இப்படிச் சொல்லலாம்: சர்வர் வெறும் தரவை அனுப்பினால் போதும், பக்கத்தைக் கட்டுகிற வேலையைப் பயனரின் கருவி பார்த்துக்கொள்ளும். எல்லோரிடமும் ஸ்மார்ட்போன் இருக்கிறது, டேட்டா மலிவு, ஸ்கிரிப்ட் ஓடாத உலாவி எங்கும் இல்லை, டெவலப்பருக்கும் வேலை சீக்கிரம் முடிகிறது. இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

நஷ்டம் இருக்கிறது. அதை அடைகிறவர்கள் நம் மீட்டப்களுக்கு வருவதில்லை என்பதால் நம் காதில் விழுவதில்லை. மக்கள் படிக்கவும் படிவம் நிரப்பவும் வருகிற எந்தத் தளமும், உலாவியில் ஒரு வரி ஸ்கிரிப்ட் ஓடுவதற்கு முன்பே தன் முதன்மை வேலையைச் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது என் நிலை. அப்படி இல்லாத தளத்தை நவீனமானது என்று அழைப்பதை நான் மறுக்கிறேன். அது பாதியில் விட்ட வேலை. மீதியைப் பயனரின் போன் தலையில் கட்டியிருக்கிறோம்.

என் அக்கா குடும்பம் அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறது. பிளஸ் டூ முடித்த அக்கா மகள், கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாளன்று இரவு எட்டு மணிக்கு அழைத்தாள்.

“மாமா, பக்கம் வெள்ளையாவே நிக்குது. நடுவுல ஒண்ணு சுத்திக்கிட்டே இருக்கு.”

“எத்தனை தடவைம்மா போட்டுப் பார்த்த?”

“நாலு தடவை. மூணாவது தடவை உள்ள போயிடுச்சு மாமா. மார்க் எல்லாம் அடிச்சு ‘அடுத்து’ அமுக்கினேன். திரும்ப முதல்ல இருந்து பேர் கேக்குது.”

அவள் கையில் இருந்தது அக்கா சில ஆண்டுகளாக வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு போன். அன்றைய டேட்டா கோட்டாவைத் தம்பி வீடியோ பார்த்தே தீர்த்திருந்தான். அதே முகவரியை என் மடிக்கணினியில் திறந்தேன். இரண்டு விநாடியில் வந்து நின்றது. பெயர், முகவரி, மதிப்பெண், சான்றிதழ் எண் கேட்கிற ஆறு பக்கப் படிவம். அதைக் காட்டுவதற்கு மூன்று மெகாபைட்டுக்கு மேல் ஸ்கிரிப்ட் இறங்கியது. சர்வரில் இருந்து வந்த எச்டிஎம்எல்லைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரே ஒரு வெற்று ‘டிவ்’ குறி. அன்றிரவு அவள் சொல்லச் சொல்ல நான் இங்கிருந்து படிவத்தை நிரப்பி முடித்தேன். மென்பொருள் துறையில் மாமா இல்லாத பிள்ளைகளும் அதே வெள்ளைப் பக்கத்தின் முன்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்தத் தளத்தை எழுதியவர்களைத் திறமையற்றவர்கள் என்று சொல்ல மாட்டேன். நிரலைப் பார்த்தாலே பழகிய கை என்று தெரிந்தது. நானும் அதே மாதிரிப் படிவங்களை எழுதி, டெமோ காட்டி, பாராட்டு வாங்கியவன்தான். ஆகவே இதை ஒரு டீமின் கைப்பிழை என்று ஒதுக்க முடியாது. நாம் அனைவரும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட சில வாதங்களில்தான் பிழை இருக்கிறது. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

ஸ்கிரிப்டை யாரும் அணைத்து வைப்பதில்லை, ஆகவே அது எல்லோருக்கும் ஓடும் என்பது முதல் வாதம்.

இதில் முன்பாதி சரி, பின்பாதி தவறு. இதை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டன் அரசின் டிஜிட்டல் சேவைப் பிரிவு 2013-இல் தன் கவ்.யூகே தளத்தில், வருகிறவர்களில் எத்தனை பேருக்கு ஸ்கிரிப்ட் உண்மையில் ஓடுகிறது என்று எண்ணியது. 1.1 விழுக்காட்டினருக்கு ஓடவில்லை. ஸ்கிரிப்டை அணைத்தவர்களும், அதற்கு வழியில்லாத உலாவியை வைத்திருந்தவர்களும் சேர்ந்து 0.2 விழுக்காடுதான். மீதி 0.9 விழுக்காட்டினரின் உலாவி ஸ்கிரிப்டை ஓட்டத் தயாராகவே இருந்தது, ஆனாலும் ஓடவில்லை. இப்படி நடக்கக் காரணங்கள் பல. இணைப்பு பாதியில் அறுந்துபோகும். அலுவலக ஃபயர்வால் தடுக்கும். கோப்பை வழங்கும் சர்வர் அந்த நேரத்தில் திணறும். உலாவியில் போட்ட ஏதோ ஒரு நீட்சி குறுக்கே விழும்.

ஸ்கிரிப்ட் ஓடாத பயனர் என்று தனி வகை மனிதர் யாரும் இல்லை. பேருந்து ஊரைத் தாண்டியதும் டவர் விட்டுப்போகிறதே, அப்போது நாம் எல்லோரும் அவர்தான். நாளைக்கு ஓர் இலட்சம் பேர் வரும் தளத்தில் 1.1 விழுக்காடு என்றால் ஆயிரத்து நூறு பேர். கடைக்கு வந்தவர்களில் நூற்றுக்கு ஒருவர் முகத்தில் கதவைச் சாத்துகிற கடைக்காரரை நம் தெருவில் யாரும் கெட்டிக்காரர் என்று சொல்வதில்லை.

இப்படிக் கதவு சாத்தப்படுவதன் வேர், பக்கத்தைக் கட்டும் மூன்று மொழிகளின் இயல்பில் இருக்கிறது. எச்டிஎம்எல் பாதி வந்தாலும் உலாவி அந்தப் பாதியைக் காட்டும். தெரியாத குறியைக் கண்டால் அதைத் தாண்டிப் போய் உள்ளே இருக்கும் எழுத்தைக் காட்டும். சிஎஸ்எஸ்ஸில் புரியாத ஒரு வரி வந்தால் அந்த வரியை மட்டும் விட்டுவிடும். ஜாவாஸ்கிரிப்டில் அந்தத் தாராளம் கிடையாது. கோப்பு பாதியில் நின்றாலும், தன் இலக்கணத்துக்குப் புறம்பான ஒரு குறி வந்தாலும், மொத்தக் கோப்பும் செயலற்றுப்போகும். ஒரு வேலைக்குப் போதுமான மொழிகளில் வலு குறைந்ததைத் தேர்ந்தெடு என்பது, வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ வலியுறுத்திய கொள்கைகளில் ஒன்று. நாம் பிழை தாங்குகிற இரண்டு அடுக்குகளையும் வெறுமையாக விட்டுவிட்டு, பிழை தாங்காத மூன்றாவது அடுக்கின் மேல் மொத்த வீட்டையும் கட்டுகிறோம்.

இரண்டாவது வாதம் நம் ஊரில் அதிகம் எடுபடுவது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, டேட்டா விலை சரிந்தது, இப்போது 5ஜியும் வந்துவிட்டது. இன்னும் என்ன கிலோபைட் கணக்கு?

டேட்டா மலிவானதால் விளைந்த நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மலிவு டேட்டா மக்கள் கைக்கு எப்படி வருகிறது என்று பாருங்கள். நாளைக்கு ஒன்று அல்லது ஒன்றரை ஜிபி. அது தீர்ந்ததும் பல திட்டங்களில் வேகம் 64 கேபிபிஎஸ்-க்கு இறங்கிவிடும். விநாடிக்கு எட்டு கிலோபைட். பக்கங்களின் எடையை அளந்துவரும் எச்டிடிபி ஆர்க்கைவ் கணக்கின்படி இன்று நடுத்தரமான ஒரு மொபைல் பக்கமே இரண்டு மெகாபைட்டைத் தாண்டிவிட்டது. அந்த வேகத்தில் அது முழுதாக இறங்க நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும்.

இதன் எதிர்ப்பக்கத்தையும் கணக்கிடுவோம். யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட். நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்த நீண்ட கட்டுரை முழுவதையும் எளிய எச்டிஎம்எல் பக்கமாக்கினால் அறுபது எழுபது கிலோபைட் வரும். சர்வர் சுருக்கி அனுப்பினால் இருபதுக்குள் அடங்கிவிடும். கோட்டா தீர்ந்த போனிலும் இரண்டு மூன்று விநாடிகளில் படிக்கத் தொடங்கலாம். தமிழ் எழுத்துருவைக்கூட அனுப்பத் தேவையில்லை, ஆண்ட்ராய்டிலேயே நோட்டோ சான்ஸ் தமிழ் இருக்கிறது. ரியாக்ட்-டாம் என்ற ஒரு கோப்பு மட்டும் சுருக்கிய நிலையிலேயே நாற்பது கிலோபைட்டைத் தாண்டும். அதில் படிப்பதற்கு ஓர் எழுத்து இருக்காது. அதன் மேல் நம் நிரல், அதன் மேல் நாம் சேர்த்த பேக்கேஜ்கள்.

இறங்கி முடிந்தாலும் பாரம் குறைவதில்லை. ஒரு மெகாபைட் புகைப்படமும் ஒரு மெகாபைட் ஸ்கிரிப்டும் போனுக்கு ஒன்றல்ல. புகைப்படத்தை விரித்துத் திரையில் வைத்தால் வேலை முடிந்தது. ஸ்கிரிப்டை வரி வரியாகப் பிரித்துப் படித்து, இயந்திர மொழிக்கு மாற்றி, ஓட்ட வேண்டும். அதுவும் பக்கத்தின் ஒரே முதன்மை இழையில். அந்த இழை ஓய்வாகும்வரை விரலால் எங்கே தொட்டாலும் பதில் வராது. ஏஆர்எம் நிறுவனம் கார்டெக்ஸ்-ஏ53 என்ற சிக்கனச் செயலி வடிவமைப்பை 2012-இல் அறிவித்தது. அந்த வகைக் கோர்களோடு மலிவு போன்கள் அதன் பிறகு பல ஆண்டுகள் விற்பனைக்கு வந்துகொண்டே இருந்தன. விலையுயர்ந்த மடிக்கணினியில் நாம் நிரல் எழுதுகிறோம். அங்கே கண் சிமிட்டும் நேரத்தில் முடிகிற வேலைக்கு இந்தப் போன்களில் பல விநாடிகள் ஆகின்றன. 5ஜி டவர் எத்தனை வைத்தாலும் போனுக்குள் இருக்கும் செயலி வேகமாகிவிடாது.

“எங்க அனலிடிக்ஸ்ல பார்த்தோம் சார், எல்லாரும் நல்ல போன்தான் வெச்சிருக்காங்க” என்று சொல்வார்கள். அனலிடிக்ஸும் ஒரு ஸ்கிரிப்ட்தான். பக்கம் திறக்காதவர்கள் அந்தக் கணக்கில் ஏறுவதே இல்லை. இதை மிகத் தெளிவாகக் காட்டிய நிகழ்ச்சி யூடியூபில் நடந்தது. கிறிஸ் ஸகரியாஸ் என்ற பொறியாளர் அங்கே வேலை செய்தபோது, வீடியோ பக்கத்தை 1.2 மெகாபைட்டிலிருந்து 98 கிலோபைட்டுக்குக் குறைத்து, ‘ஃபெதர்’ என்ற பெயரில் ஒரு பகுதியினருக்குத் திறந்துவிட்டார். பக்கம் வேகமாகியிருக்க வேண்டும். ஆனால் சராசரித் திறப்பு நேரம் முன்பைவிடக் கூடியிருந்தது. குழம்பிப்போய், பயனர்களை நாடு வாரியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. தென்கிழக்கு ஆசியா, தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, சைபீரியாவின் தொலைவான பகுதிகள் என்று, அதுவரை கணக்கிலேயே இல்லாதவர்கள் புதிதாக வந்திருந்தார்கள். புதிய பக்கம்கூட அவர்களுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்தது. பழைய பக்கமோ இருபது நிமிடத்தைத் தாண்டியிருக்கும். அதனால் அவர்கள் யூடியூபை விட்டே போயிருந்தார்கள். 2012-இல் இந்த அனுபவத்தை அவரே எழுதினார். ‘எங்களுக்கு அப்படிப்பட்ட பயனர்கள் இல்லை’ என்று சொல்லும் ஒவ்வொரு டீமும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது இது: அவர்கள் இல்லையா, அல்லது நாம் அவர்களை விரட்டிவிட்டோமா?

தமிழ் வாசகர்களுக்கு இப்படி விரட்டப்படும் அனுபவம் புதிதே அல்ல. ஒருங்குறி பரவுவதற்கு முன், தமிழ்த் தளங்கள் ஒவ்வொன்றும் தன் சொந்த எழுத்துருவையும் குறியாக்கத்தையும் வைத்திருந்தன. டிஸ்கி ஒரு பக்கம், 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பின் வந்த டாம், டாப் இன்னொரு பக்கம், செய்தித்தாள்களின் தனி எழுத்துருக்கள் மற்றொரு பக்கம். உரிய எழுத்துருவை இறக்கி நிறுவாதவருக்குப் பக்கம் திறக்கும், படிக்க முடியாது. திரை முழுக்கக் கிறுக்கல். பிரௌசிங் சென்டர் கணினியில் எழுத்துரு நிறுவ அனுமதி இல்லாமல் திரும்பி வந்தவர்கள் எத்தனையோ பேர். அன்றைய தளக்காரர்களும் ‘ஒரு தடவை டவுன்லோடு பண்ணினா போதுமே’ என்றுதான் சொன்னார்கள். நாம் அந்தப் பதிலை ஏற்கவில்லை. எல்லாக் கருவியிலும் ஏற்கெனவே இருக்கும் பொது அடித்தளம் ஒன்று வேண்டும் என்று தன்னார்வலர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். 2010-இல் தமிழ்நாடு அரசும் ஒருங்குறியை ஏற்றது. படிப்பவர் எதையும் கூடுதலாகச் சுமக்காமல் படிக்க வேண்டும் என்பதற்காக நடந்த உழைப்பு அது. அதன் பலனை அனுபவிக்கிற நாமே, படிப்பவர் முதலில் மெகாபைட் கணக்கில் ஸ்கிரிப்டைச் சுமந்தால்தான் எழுத்தைக் காட்டுவோம் என்கிறோம்.

ஃபிரேம்வொர்க் இருந்தால் டெவலப்பருக்கு வேலை சீக்கிரம் முடியும் என்பது மூன்றாவது வாதம். இது டெவலப்பர்கள் மனதார நம்புவது. பல இடங்களில் உண்மையும்கூட.

சீக்கிரம் முடியும் அந்த வேலையின் விலையை யார் கட்டுகிறார்கள் என்பதுதான் கேள்வி. நமக்கு மிச்சமாகும் ஒரு வாரத்தை, தளத்துக்கு வரும் ஒவ்வொருவரிடமிருந்தும் சில விநாடிகளாகவும், சில ரூபாய்களாகவும், பேட்டரியாகவும் வசூலிக்கிறோம். எச்டிஎம்எல் தரத்தை வகுத்தவர்கள் இந்த மோதலை முன்பே யோசித்திருக்கிறார்கள். டபிள்யூ3சி 2007-இல் வெளியிட்ட எச்டிஎம்எல் வடிவமைப்புக் கொள்கைகளில் ஒரு வரிசை இருக்கிறது. நலன்கள் மோதும்போது பயனர் முதலில், பக்கத்தை எழுதுபவர் அடுத்து, உலாவி செய்பவர் அதற்கடுத்து, விதி எழுதுபவர் அதன் பின், கோட்பாட்டுத் தூய்மை எல்லாவற்றுக்கும் கடைசியில். நாம் இரண்டாம் இடத்தில் இருக்கிறோம். முதல் இடத்தில் இருப்பவரின் தட்டிலிருந்து எடுத்து நம் தட்டில் போட்டுக்கொள்ள அந்த வரிசை அனுமதி தரவில்லை.

அந்தச் சீக்கிரமும் எவ்வளவு நாள் நீடிக்கிறது? 2016 மார்ச் 22 அன்று லெஃப்ட்-பேட் என்ற பதினோரு வரிப் பேக்கேஜை அதை எழுதியவர் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். ஒரு சொல்லின் இடப்பக்கம் இடைவெளி நிரப்புவது மட்டுமே அதன் வேலை. உலகெங்கும் பில்டுகள் உடைந்தன. யாருக்கும் தெரியாமல் அது ஆயிரக்கணக்கான புராஜெக்டுகளின் அடியில் இருந்தது. இரண்டு ஆண்டு முன் எழுதிய ஒரு ஃபிரண்ட்எண்டைத் திறந்து ஒரு சின்னத் திருத்தம் செய்யச் சொல்லுங்கள். பேக்கேஜ்களைப் புதுப்பித்து, ஒன்றோடொன்று ஒத்துப்போக வைத்து, பில்டை ஓட வைப்பதற்குள் முதல் நாள் போய்விடும். இதற்கு மாறாக, அதே கவ்.யூகே குழு 2022-இல் தன் தளத்திலிருந்து ஜேகுவெரியை முழுவதும் எடுத்தது. பக்கத்துக்கு 32 கிலோபைட் குறைந்தது. ஒரு நாட்டு அரசின் சேவைகளைத் தாங்கும் தளம், சேர்ப்பதைப் போலவே எடுப்பதையும் வேலையாகக் கருதுகிறது. நம் ஸ்பிரின்ட் பலகைகளில் ‘எடுத்துவிட வேண்டியது’ என்று ஒரு டிக்கெட்டை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன்.

நான்காவது வாதம்: பயனர்கள் இன்று ஆப் போன்ற அனுபவத்தை எதிர்பார்க்கிறார்கள்.

சில இடங்களில் இது முழுக்கச் சரி. வரைபடம், கணக்குத்தாள், படம் வரையும் கருவி, பலர் சேர்ந்து திருத்தும் ஆவணம் எல்லாம் ஸ்கிரிப்ட் இல்லாமல் அமையாது. அங்கே ரியாக்ட் போன்றவை தம் உழைப்புக்கு ஏற்ற பலனைத் தருகின்றன, அவற்றை எழுதியவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. என் சண்டை கருவியோடு இல்லை. தேங்காய் உடைக்கும் அரிவாளை எடுத்து ஊசியில் நூல் கோர்க்கும் பழக்கத்தோடுதான்.

தேர்வு முடிவு பார்க்க வருகிறவர் கேட்பது என்ன? பதிவெண்ணை அடித்தால் மதிப்பெண் வர வேண்டும். பின்னால் போகும் பொத்தானை அழுத்தினால் பின்னால் போக வேண்டும். பாதியில் டவர் போய்த் திரும்பினால் அடித்தது அழியாமல் இருக்க வேண்டும். லிங்கை வாட்ஸாப்பில் அனுப்பினால் எதிரில் இருப்பவருக்கும் அதே பக்கம் திறக்க வேண்டும். இவை எல்லாம் உலாவி இலவசமாகத் தருபவை. நாம் அவற்றை முதலில் உடைத்துவிட்டு, பிறகு ஸ்கிரிப்டால் ஒட்டவைக்கப் பாடுபடுகிறோம். ஒட்டு பல இடங்களில் பிய்கிறது. என் அக்கா மகள் ‘அடுத்து’ அமுக்கியதும் எல்லாம் அழிந்ததற்கு அந்த ஒட்டுத்தான் காரணம்.

ஃபிரேம்வொர்க் உலகமே இப்போது சர்வரில் பக்கத்தைக் கட்டி அனுப்பும் வழிக்குத் திரும்பிவிட்டது என்று சிலர் பதில் சொல்கிறார்கள். நல்லது. ஆனால் பெரும்பாலும் அதே பக்கத்துக்கான ஸ்கிரிப்டும் பின்னாலேயே முழுதாக வருகிறது, ஹைட்ரேஷன் என்ற பெயரில். பக்கம் கண்ணுக்குத் தெரியும், பொத்தான் இருக்கும், அமுக்கினால் ஒன்றும் நடக்காது, ஸ்கிரிப்ட் ஓடி முடியும்வரை. மலிவு போன்காரருக்கு வெள்ளைத் திரையைவிட இது குழப்பமானது. வெள்ளைத் திரையைப் பார்த்தால் காத்திருக்கலாம் என்றாவது தோன்றும்.

உலாவிகளும் சும்மா இருக்கவில்லை. திரைக்கு மேல் திறக்கும் பெட்டிக்கான ‘டயலாக்’ குறி 2022 மார்ச் முதல் எல்லா முக்கிய உலாவிகளிலும் இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து வெளியே அலங்கரிக்கும் சிஎஸ்எஸ்ஸின் ‘ஹேஸ்’ 2023 டிசம்பரில் எல்லாவற்றிலும் வந்து சேர்ந்தது. தேதி தேர்வு, கட்டாயப் புலம், மின்னஞ்சல் வடிவச் சரிபார்ப்பு எல்லாம் படிவக் குறிகளிலேயே உண்டு. பத்து ஆண்டுகளுக்கு முன் ஸ்கிரிப்ட் இல்லாமல் முடியாது என்று நாம் கற்ற பல வேலைகள் இன்று அது இல்லாமலே முடிகின்றன. பழசைப் பிடித்துக்கொண்டிருப்பவர் யார் என்பதை இங்கே யோசிக்க வேண்டும்.

இனி, இந்த விவாதங்களில் யாரும் பேசாத ஒரு கூட்டத்துக்கு வருகிறேன். திரையைக் கண்ணால் பார்க்காமல் காதால் படிக்கிறவர்கள். என்விடிஏ போன்ற திரைபடிப்பான்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இஸ்பீக் குரலில் தமிழையும் வாசிக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தின் அலங்காரம் தெரியாது, குறிகள் மட்டுமே தெரியும். ‘பட்டன்’ குறியைப் போட்டால், இது அமுக்கக்கூடியது என்று அவை சொல்லும். விசைப்பலகையால் அங்கே போகலாம். என்டர் அடித்தால் வேலை செய்யும். நாம் ‘டிவ்’ குறி ஒன்றை வண்ணம் பூசி, கிளிக்கைக் கட்டி, பொத்தான் போல நிறுத்துகிறோம். கண்ணுள்ளவருக்கு அது பொத்தான். மற்றவருக்கு அங்கே வெறும் சுவர். வெப்எய்ம் என்ற அமைப்பு ஆண்டுதோறும் பத்து இலட்சம் முகப்புப் பக்கங்களைத் தானியங்கிக் கருவியால் சோதிக்கிறது. 2025-இல் அவற்றில் 94.8 விழுக்காட்டுப் பக்கங்களில் அணுக்கப் பிழைகள் இருந்தன.

இதை நல்லெண்ணம் சார்ந்த விஷயம் என்று இனிமேலும் தள்ளிவைக்க முடியாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இலேயே வந்துவிட்டது. அமில வீச்சுக்கு ஆளானவர்களும் பார்வையற்ற ஒருவரும் கேஒய்சி சரிபார்ப்பை முடிக்க முடியாமல் தொடுத்த பிரக்யா பிரசூன் வழக்கில், 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் அணுக்கம் அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. திறக்காத படிவத்தை எழுதுகிறவர் இனி ஒருவரின் வாழ்வுரிமைக்குக் குறுக்கே நிற்கிறார் என்று பொருள்.

கடைசி வாதம் இளைஞர்களுடையது. அதை மிகுந்த அக்கறையோடு எதிர்கொள்ள வேண்டும். “நீங்க சொல்றது சரி சார். ஆனா வேலை ரியாக்டுக்குத்தானே இருக்கு? வீட்ல கடன் வாங்கிப் படிக்க வெச்சிருக்காங்க.”

தம்பி, ரியாக்டைக் கற்காதே என்று நான் சொல்லவில்லை. அதை மட்டும் கற்காதே என்கிறேன். 2010-இல் ஆங்குலர்ஜேஎஸ் வந்தபோதும் இதே பேச்சு இருந்தது. 2016-இல் அதே பெயரில் வந்த ஆங்குலர் 2, பழையதோடு ஒத்துப்போகவில்லை. 2021 டிசம்பர் 31-ஓடு பழையதற்கான ஆதரவும் முடிந்தது. அதை மட்டுமே தெரிந்தவர்கள் முப்பது வயதில் மறுபடி முதல் வகுப்பில் உட்கார்ந்தார்கள். நான் அவர்களோடு வேலை செய்திருக்கிறேன். படிவக் குறி 1995-இல் எச்டிஎம்எல் 2.0 தரத்தில் எழுதப்பட்டது. இன்றும் எல்லா உலாவியிலும் வேலை செய்கிறது. ஒரு கோரிக்கை சர்வருக்கு எப்படிப் போகிறது, பதில் எப்படி வருகிறது, உலாவி அதை எப்படிப் பக்கமாக்குகிறது என்று தெரிந்தவர் எந்த ஃபிரேம்வொர்க்கையும் சில வாரங்களில் கற்றுக்கொள்வார். தலைகீழாகக் கற்றவருக்கு ஒவ்வொரு ஐந்து ஆண்டும் ஒரு புது பயம். ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கும் என் வயதினரே, இதில் பெரிய பொறுப்பு நம்முடையது. நேர்முகத்தில் நாம் கேட்கும் கேள்விதான் பயிற்சி மையத்தின் பாடத்திட்டமாகிறது. ‘ஹூக்ஸ் என்றால் என்ன’ என்று கேட்கும் முன், ஸ்கிரிப்ட் இல்லாமல் ஒரு விண்ணப்பப் படிவத்தை எழுதித் தரச் சொல்லுங்கள்.

எனக்கு வேண்டியது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. வேலையின் வரிசையை மாற்ற வேண்டும். முதலில் சர்வரிலிருந்து முழுப் பக்கம் எச்டிஎம்எல்லாக வரட்டும். லிங்க் லிங்காகவும் பொத்தான் பொத்தானாகவும் இருக்கட்டும். படிவம் அப்படியே சர்வருக்குப் போய்ச் சேரட்டும். ஒவ்வொரு பக்கத்தையும் நிரப்பியவுடன் அங்கே பத்திரமாகட்டும். அதன் மேல் சிஎஸ்எஸ்ஸால் அழகு சேருங்கள். அதற்கும் மேலே, எங்கே பயனருக்கு உண்மையில் உதவுமோ அங்கே மட்டும் ஸ்கிரிப்டைச் சேருங்கள். ஸ்டீவன் சாம்பியனும் நிக் ஃபிங்கும் 2003-லேயே இந்த முறைக்குப் படிப்படியான மேம்பாடு என்று பெயர் வைத்துவிட்டார்கள். இது பழங்காலத்துக்குத் திரும்புவது ஆகாது. எந்தப் படி உடைந்தாலும் கீழே உள்ள படி தாங்கும் என்ற பொறியியல்தான் இது.

இதைப் படிக்கும் டெவலப்பர் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் யாரிடமாவது மூன்று நான்கு ஆண்டு பழைய, விலை குறைந்த போன் இருக்கும். அதை இரண்டு நாள் வாங்கிக்கொள்ளுங்கள். அலுவலக வைஃபையை அணையுங்கள். கோட்டா தீர்ந்த சிம் ஒன்றைப் போடுங்கள். நீங்கள் கடைசியாக ரிலீஸ் செய்த பக்கத்தை அதில் திறந்து, ஒரு படிவத்தை முதலிலிருந்து கடைசிவரை நிரப்பிப் பாருங்கள். அதில் நிரப்ப முடிந்தால் மட்டும் உங்கள் வேலை முடிந்தது என்று டிக்கெட்டை மூடுங்கள்.